ஹைட்ரஜன் குளோரைடு அடம்பிடிக்கும்போது: கடலோர ஆய்வகத்துக்கு ஒரு கைக்குறிப்பு

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில். காலையும் மாலையும் பஸ்ஸில் போன நேரம் போக, மீதி நேரமெல்லாம் குடுவை, பர்னர், கழுவும் தொட்டி என்றே ஓடியது. அந்த வருடங்களில் "சார், புக்குல போட்டிருக்கிற மாதிரி வரலை" என்ற குரல் அதிகம் கேட்டது ஹைட்ரஜன் குளோரைடு செய்யும் நாளில்தான். புத்தகம் பொய் சொல்லவில்லை. அதை எழுதியவர்கள் கடற்காற்று வீசும் ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் குளோரைடு நிறமற்ற வாயு. கண்ணுக்குத் தெரியாது. குழாய் முனையில் வெள்ளையாகப் புகைவதாக நாம் பார்ப்பது வாயுவை இல்லை. வாயு காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உண்டாக்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலத் துளிகளை. ஆக, புகை தெரிகிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நான் எப்போதும் எடுக்கும் அளவு 6 கிராம் கல் உப்பு, 6 மில்லி அடர் கந்தக அமிலம். 5.85 கிராம் உப்பு முழுதும் வினைபுரிந்தால் 3.65 கிராம் வாயு கிடைக்க வேண்டும். அறை வெப்பத்தில் அது கிட்டத்தட்ட 2.4 லிட்டர். வழியில் கசிவதும் தண்ணீரில் கரைவதும் போக நாலைந்து ஜாடி நிரப்பலாம். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் யாரும் இதைத் தொட வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃபியூம் கப்போர்டு, அதாவது புகையை வெளியே இழுத்துவிடும் அலமாரி, இருந்தால் அதற்குள்ளேயே செய்யுங்கள். எங்கள் பள்ளியில் அது சாக்பீஸ் பெட்டி வைக்கும் அலமாரியாகிப் பல வருடம் இருந்தது.

அமிலம் ஊற்றியும் வாயு வரவில்லை

ஊற்றியதும் கொஞ்சம் பொங்கிவிட்டு நின்றுபோனால் கவலை வேண்டாம். மெதுவாகச் சூடேற்றினால் மறுபடி வரும். ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் நடக்கவில்லை என்றால் கந்தக அமிலப் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். அடர் கந்தக அமிலம் ஈரத்தை உறிஞ்சும். மூடி சரியாக இல்லாமல் ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடந்த பாட்டில், பெயரளவில்தான் அடர் அமிலம். ஒரு துண்டுத் தாளில் கண்ணாடிக் கோலால் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நல்ல அமிலம் என்றால் தாள் கறுத்துக் கருகும். வெறுமனே ஈரமாகி நின்றால் அந்தப் பாட்டில் இந்த வேலைக்கு ஆகாது. அமிலத்தில் தண்ணீர் கூடியிருந்தால், உண்டாகிற வாயு அந்தத் தண்ணீரிலேயே கரைந்து குடுவைக்குள் தங்கிவிடும்.

அமிலம் நன்றாக இருந்தும் வாயு வராவிட்டால், அமிலம் ஊற்றும் நீண்ட காம்புள்ள திசில் புனலின் அடியைப் பாருங்கள். அது அமிலத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே நின்றால் வாயு போக்குக் குழாய் வழியே போகாது, புனல் வழியே உங்கள் முகத்துக்கு வரும். அடைப்பானில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க சோப்புத் தண்ணீர் தேவையில்லை. அம்மோனியாவில் நனைத்த கண்ணாடிக் கோலை இணைப்புகளின் ஓரமாகக் கொண்டுபோங்கள். அடர்ந்த வெண்புகை எங்கே எழுகிறதோ அங்கே கசிவு. அந்தப் புகை அம்மோனியம் குளோரைடு.

குடுவைக்குள் நுரை பொங்கிக் கழுத்துக்கு ஏறுகிறது

யாரோ தூள் உப்பைப் போட்டிருக்கிறார்கள். தூளுக்குப் பரப்பு அதிகம். அமிலம் பட்டதும் ஒரே மூச்சில் பொங்கும். இதற்குக் கல் உப்புதான் சரி. மரக்காணம் உப்பளத்து உப்பு நம் பக்கத்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் கடல் உப்போடு கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் ஒட்டியிருக்கும். உப்பு ஜாடியை மழைக்காலத்தில் நசநசக்க வைப்பது அதுதான். முதல் நாளே உப்பை ஒரு பீங்கான் கிண்ணத்தில் வறுத்து, ஆறவைத்து, மூடியிட்ட டப்பாவில் போட்டுவையுங்கள். அமிலத்தைப் புனல் வழியே சிறுகச் சிறுக விடுங்கள். வேறு சூட்சுமம் இல்லை.

குடுவையின் அடியில் கல் மாதிரி இறுகிவிட்டது; கண்ணாடியில் கீறல்

சூடு அதிகமாகிவிட்டது. 200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நடப்பது இது:

சோடியம் குளோரைடு + அடர் கந்தக அமிலம் → சோடியம் பைசல்பேட் + ஹைட்ரஜன் குளோரைடு

அதற்கு மேலே போனால் பைசல்பேட் இன்னொரு பங்கு உப்போடு சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகும். வாயு கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். சோடியம் சல்பேட் கண்ணாடியோடு பிடித்து இறுகிக்கொள்ளும். அவ்வளவு சூட்டைப் பள்ளிக் குடுவையும் தாங்காது. குடுவை முழுதும் ஆறிய பிறகு வெந்நீர் விட்டு ஊறவையுங்கள். பைசல்பேட்டாக இருந்தால் கரைந்துவிடும். கத்தியால் சுரண்டி இரண்டு குடுவையை ஓட்டையாக்கியவன் சொல்கிறேன், ஊறவைப்பதுதான் வழி. கழுவிய நீர் நல்ல அமிலமாக இருக்கும். சலவை சோடா போட்டு நுரை அடங்கிய பிறகு தொட்டியில் ஊற்றுங்கள்.

காய்ந்த லிட்மஸ் தாளும் சிவந்துவிட்டது

எங்கள் ஊர்ப்பக்கம் அடிக்கடி வரும் புகார் இதுதான். பத்தாம் வகுப்பு செய்முறையின்படி, உலர்ந்த வாயுவில் உலர்ந்த நீல லிட்மஸ் நிறம் மாறக் கூடாது. ஈர லிட்மஸ் சிவக்க வேண்டும். அமிலத்தன்மைக்குத் தண்ணீர் தேவை என்று காட்டத்தான் இந்தச் சோதனை. ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறு தனியாக இருக்கும்வரை ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்காது. தண்ணீரைக் கண்டதும் கொடுக்கும்; அது தண்ணீர் மூலக்கூறோடு சேர்ந்து ஹைட்ரோனியம் அயனியாகும். லிட்மஸைச் சிவக்க வைப்பது அந்த அயனி.

ஒரு மார்கழிக் காலையில், பனி இன்னும் ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு மாணவி இரண்டு தாளையும் நீட்டிக் காட்டினாள். இரண்டும் ஒரே சிவப்பு.

"காய்ஞ்ச பேப்பரும் செவந்துடுச்சு சார். புக்கு தப்பா?"

"பேப்பர எங்க வச்சிருந்தம்மா?"

"கையிலதான் சார் புடிச்சிருந்தேன்."

கையை விரிக்கச் சொன்னேன். உள்ளங்கை முழுக்க வியர்வை. தாளின் ஒரு முனையில் விரல் பதிந்த இடத்தில்தான் சிவப்பு முதலில் ஏறியிருந்தது. மறுமுனை இன்னும் ஊதா கலந்த நிறத்தில் இருந்தது. எதைக் காட்டத்தான் அந்தச் சோதனையோ, அதை அவள் கையே காட்டிவிட்டது. அந்தத் தாளை ரெக்கார்டு நோட்டில் ஒட்டச் சொன்னேன். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்பது தனிக் கதை.

சரி, இதைச் சரிசெய்வது எப்படி? வரிசையாகப் பாருங்கள். லிட்மஸ் புத்தகம் திறந்த அலமாரியில் கிடந்ததா? கிடந்திருந்தால் அது ஏற்கெனவே ஈரம் குடித்த தாள். முதல் நாள் மாலையே தாள்களை ஓர் இறுக்கமான டப்பாவில், உருக்கி உலர்த்திய கால்சியம் குளோரைடு துண்டுகளோடு போட்டுவையுங்கள். அது இல்லையா? புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து சேர்த்து வைத்தாலும் போதும். தாளை இடுக்கியால் மட்டும் எடுங்கள்.

அடுத்தது வாயு. குடுவையிலிருந்து நேராக வருவதை உலர்ந்த வாயு என்று நம்பிவிடக் கூடாது. அடர் கந்தக அமிலம் உள்ள கழுவு பாட்டில் வழியாகவோ, கால்சியம் குளோரைடு அடைத்த உலர்த்தும் குழாய் வழியாகவோ அனுப்புங்கள். காற்றில் ஈரம் மிகுந்த ஊர்களில் இந்தக் குழாயைச் சேர்க்கச் சொல்லி மத்திய அரசுப் பாடத்திட்டப் புத்தகமே ஆசிரியர்களுக்குக் குறிப்பு தருகிறது. அந்தக் குறிப்பு சின்ன எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

மூன்றாவது, சோதிக்கும் இடம். குழாய் முனைக்கு வெளியே, காற்றில் தாளை நீட்டினால் எல்லாப் பாடும் வீண். அங்கேதான் புகை தெரிகிறது, அதாவது அங்கேதான் தண்ணீர் இருக்கிறது. உலர்த்தும் குழாய்க்கு அடுத்து ஓர் உலர்ந்த சோதனைக் குழாயை மாட்டி, தாளை அதற்குள்ளேயே முன்கூட்டி வைத்துவிடுங்கள். முதலில் வரும் வாயு உள்ளே இருக்கும் ஈரக்காற்றைத் தள்ளிக்கொண்டு போகட்டும். இத்தனையும் செய்தால் கார்த்திகை மழையிலும் தாள் நீலமாகவே நிற்கும். நானே பார்த்திருக்கிறேன். எப்போதும் என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும்.

இதே பாடத்தை வேறு மாதிரியும் காட்டலாம். டொலுயீனில் ஹைட்ரஜன் குளோரைடைக் கரைத்தால் அந்தக் கரைசலில் மின்சாரம் பாயாது. உலர்ந்த லிட்மஸும் மாறாது. தண்ணீரில் கரைத்தால் பல்பு எரியும். டொலுயீன் தீப்பிடிக்கும் பொருள், அதனால் பள்ளியில் சொல்லிவிட்டுப் போவதோடு சரி.

உலர்த்தும் குழாய்க்குள் வாயு போகிறது, வெளியே வரவில்லை

குழாயில் என்ன அடைத்தீர்கள்? சுட்ட சுண்ணாம்பா? அம்மோனியாவை உலர்த்தப் படித்தது நினைவில் நின்று இங்கேயும் அதையே அடைத்துவிடுவார்கள். சுட்ட சுண்ணாம்பு காரம். ஹைட்ரஜன் குளோரைடோடு வினைபுரிந்து கால்சியம் குளோரைடும் தண்ணீரும் ஆகிவிடும். வாயு முழுக்க அங்கேயே காலி. குழாயைத் தொட்டால் சுடும். பாஸ்பரஸ் பெண்டாக்சைடும் இதே காரணத்தால் ஆகாது, அதுவும் வாயுவோடு வினைபுரியும். அடர் கந்தக அமிலம் அல்லது கால்சியம் குளோரைடு, இரண்டில் ஒன்றுதான்.

ஜாடி நிரம்பவே மாட்டேன் என்கிறது

தண்ணீர் மேல் சேகரிக்கிறீர்களா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பங்கு தண்ணீரில் அறை வெப்பத்தில் 450 பங்குக்கு அருகில் இந்த வாயு கரையும். 1772 வாக்கில் வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி இதைத் தனியாகப் பிடிக்க முடிந்ததே தண்ணீருக்குப் பதில் பாதரசத்தின் மேல் சேகரித்ததால்தான். நமக்குப் பாதரசமெல்லாம் வேண்டாம். இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ 1.27 மடங்கு கனமானது. ஜாடியை நிமிர்த்தி வைத்து, குழாயை அடிவரை இறக்கினால் காற்றை மேலே தள்ளிக்கொண்டு தானே நிரம்பும். 1.27 என்பது பெரிய வித்தியாசம் இல்லை. மின்விசிறி ஓடினால் ஜாடிக்குள் கலக்கிவிடும். விசிறியை நிறுத்துங்கள்; வகுப்பு கொஞ்ச நேரம் வியர்த்தால் பரவாயில்லை.

ஜாடி வாயில் ஈர லிட்மஸ் சிவந்தது, ஆகவே நிரம்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கொஞ்சம் வாயு பரவி வந்தாலே தாள் சிவக்கும். வாயிலிருந்து புகை விளிம்பு தாண்டிக் கீழ்நோக்கி வழிய வேண்டும், நில்லாமல் வழிய வேண்டும்.

தண்ணீர் குழாய் வழியே குடுவைக்கு ஏறுகிறது

இதைப் படிக்கும்போதே அது நடந்துகொண்டிருந்தால் குழாயை உடனே தண்ணீரிலிருந்து எடுங்கள். விளக்கம் பிறகு.

அமிலக் கரைசல் தயாரிக்க வாயுவைத் தண்ணீரில் விடும்போது, கரைகிற வேகத்துக்கு வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். பர்னரை எடுத்தால் குடுவை குளிரும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளும். ஏறிய தண்ணீர் இன்னும் வாயுவைக் குடிக்கும், அழுத்தம் இன்னும் குறையும். கடைசியில் தண்ணீர் போய் விழுவது சூடான கந்தக அமிலத்தில்.

எனக்கு ஒரு தடவை நடந்தது. தப்பு முழுக்க என்னுடையது. அன்று திசில் புனல் உடைந்துவிட்டதால் திருகு வைத்த புனலை மாட்டியிருந்தேன். அமிலம் விட்டு முடிந்ததும் திருகை மூடினேன். மணி அடித்தது. பிள்ளைகள் கிளம்பும் அவசரத்தில் பர்னரை முதலில் அணைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் குழாய் வளைவைத் தாண்டியிருந்தது. "படக்"கென்று ஒரு சத்தம். குடுவை இரண்டாகப் பிளந்து மேசையெல்லாம் அமிலம். அறையில் நான் மட்டும் இருந்ததால் போயிற்று; ஏப்ரனில் ஏழெட்டு ஓட்டையோடு முடிந்தது. திசில் புனல் இருந்திருந்தால் அழுத்தம் குறைந்ததும் அதன் வழியே காற்று உள்ளே குமிழியிட்டு வந்து காப்பாற்றியிருக்கும். புனல் அமிலம் ஊற்ற மட்டும் இல்லை என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

வழி இரண்டு. போக்குக் குழாயின் முனையில் ஒரு புனலைக் கவிழ்த்து மாட்டுங்கள். அதன் விளிம்பு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். தண்ணீர் புனலுக்குள் ஏறினால் வெளியே மட்டம் இறங்கும், விளிம்பு தண்ணீரை விட்டு விலகும், காற்று நுழையும், ஏறிய தண்ணீர் கீழே விழும். அகன்ற புனலாக இருந்தால் வாயு கரையப் பரப்பும் கூடுதலாகக் கிடைக்கும். இல்லையென்றால் நடுவில் ஒரு காலிப் பாட்டிலை வையுங்கள், ஏறுகிற தண்ணீர் அதோடு நிற்கும். எந்த ஏற்பாடாக இருந்தாலும் முடிக்கும்போது குழாயைத் தண்ணீரிலிருந்து எடுப்பது முதல் வேலை, பர்னரை அணைப்பது இரண்டாவது வேலை.

நீரூற்று எழவில்லை

பிள்ளைகள் அதிகம் எதிர்பார்ப்பது இதைத்தான், அதிகம் சொதப்புவதும் இதுதான். வட்ட அடிக் குடுவையில் வாயுவை நிரப்பிக் கவிழ்த்து, நீல லிட்மஸ் கலந்த தண்ணீருக்குள், உள்முனை கூராக இருக்கும் நீண்ட குழாயை இறக்கி, சொட்டுக் குழாயால் இரண்டு சொட்டுத் தண்ணீரை உள்ளே பீய்ச்சினால், கீழிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு ஏறி உள்ளே சிவப்பாகத் தெறிக்க வேண்டும்.

எழவில்லையா? குடுவை உள்ளே ஈரமாக இருந்ததா என்று முதலில் கேளுங்கள். கழுவி உதறிக் கவிழ்த்த குடுவையில் ஒரு மில்லி தண்ணீர் சாதாரணமாக ஒட்டியிருக்கும். ஒரு மில்லி தண்ணீர் என்றால் நானூறு மில்லிக்கு மேல் வாயுவை விழுங்கும். அரை லிட்டர் குடுவைக்கு அது கிட்டத்தட்ட முழுச் சாப்பாடு. நீங்கள் நிரப்ப நிரப்ப அது குடித்துக்கொண்டே இருந்திருக்கும். நீங்கள் மூடிய பிறகும் குடித்து, அடைப்பான் இடுக்கு வழியே காற்றை உள்ளே இழுத்திருக்கும். குடுவையைச் சூடான காற்றில் காயவைத்து, ஆறவைத்து, அப்புறம் நிரப்புங்கள்.

குடுவை காய்ந்திருந்தும் எழவில்லை என்றால் அடைப்பானில் கசிவு இருக்கும், அல்லது கூர்முனை அடைத்திருக்கும். கூர்முனை அகலமாக இருந்தால் சீறாது, கொட்டும்.

பாதியில் நின்றுவிட்டால் கோபப்படாதீர்கள், அதுவும் ஒரு கணக்கு. குடுவையில் எவ்வளவு இடம் நிரம்பாமல் நிற்கிறதோ, அவ்வளவு காற்றை நீங்கள் வெளியேற்றாமல் விட்டிருக்கிறீர்கள். கால்வாசி காலியாக இருந்தால் நீங்கள் நிரப்பியதில் கால்வாசி காற்று. எங்கள் பையன்கள் இதை வைத்துக் குழுவுக்குக் குழு மதிப்பெண் போட்டுக்கொள்வார்கள். தட்டை அடிக் குடுவையில் மட்டும் செய்ய வேண்டாம். உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது வட்ட அடிதான் தாங்கும்.

எதில் விட்டாலும் சில்வர் நைட்ரேட் வெள்ளையாகிறது

குளோரைடு இருந்தால் சில்வர் நைட்ரேட் தயிர் போல வெண்ணிற வீழ்படிவு தரும். அம்மோனியா சேர்த்தால் கரையும், நைட்ரிக் அமிலத்தில் கரையாது. சரி, ஆனால் குளோரைடே இல்லாத உப்பில் விட்டாலும் வெள்ளையாகிறதே என்று வருவார்கள். தண்ணீரை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்பேன். குழாயில்.

நம் குழாய்த் தண்ணீரில் குளோரைடு இல்லாமல் இருக்குமா? குடிநீருக்கான இந்தியத் தரநிலையே லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கிறது. அதில் சின்னப் பங்கு இருந்தாலே சில்வர் நைட்ரேட் கலங்கும். கடலோரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்த கிணறுகள் வேறு இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் கலங்கல்கூட இல்லை, நேராகத் தயிர்தான். வாலை வடிநீர் மட்டும் பயன்படுத்துங்கள். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று வாங்கியதையும் நம்பாமல், வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அந்தக் குழாயைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தால் ஒப்பிட வசதி.

தண்ணீர் சரியாக இருந்தும் எல்லாம் வெள்ளையாகிறது என்றால், அமிலமாக்க எதைச் சேர்த்தீர்கள்? நீர்த்த நைட்ரிக் அமிலத்துக்குப் பதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்திருந்தால் குளோரைடை நீங்களே ஊற்றிவிட்டு நீங்களே தேடுகிறீர்கள். செய்முறைத் தேர்வில் இப்படி ஒரு பையன் நாலு உப்புக்கும் குளோரைடு என்று எழுதினான். ஒன்று சரியாக இருந்தது.

வீழ்படிவு கொஞ்ச நேரத்தில் ஊதாவாகக் கறுத்தால் பயப்பட வேண்டாம், வெளிச்சம் பட்டால் சில்வர் குளோரைடு அப்படித்தான். விரலில் பட்ட சில்வர் நைட்ரேட்டும் கறுக்கும். சோப்புக்குப் போகாது, தோல் உரிந்து தானாகத்தான் போகும்.

உலோகம் போட்டேன், குமிழி சரியாக வரவில்லை

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உலோகம் போடும் சோதனை இது, சுருக்கமாகச் சொல்கிறேன். சுத்தமான துத்தநாகம் மந்தமாகத்தான் இருக்கும். இரண்டு சொட்டு மயில்துத்தக் கரைசல் விட்டால் வேகம் பிடிக்கும். அலுமினியத் தாள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று சூடாகிப் பொங்கும். மேலிருக்கும் ஆக்சைடு படலம் கரைய எடுக்கும் நேரம் அது, ஆகவே அவசரப்பட்டு இன்னும் அமிலம் ஊற்றாதீர்கள். காரீயத்தில் ஆரம்பித்து நின்றுவிடும், மேலே லெட் குளோரைடு படிந்துவிடுவதால். செம்பில் வரவே வராது, வந்தால் அது செம்பு இல்லை. இரும்பாணி வெளிர்பச்சைக் கரைசல் தர வேண்டும். மஞ்சளாக வந்தால் ஆணி துருப்பிடித்தது. எங்கள் ஊரில் துருப்பிடிக்காத ஆணி கிடைப்பது கஷ்டம், முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

கிளிஞ்சலில் பொங்கியது, உடனே நின்றுவிட்டது

கடலூர் சில்வர் பீச்சில் பொறுக்கிய கிளிஞ்சலைத்தான் பளிங்குக் கல்லுக்குப் பதில் பயன்படுத்துவோம். அதுவும் கால்சியம் கார்பனேட்தான், காசும் இல்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது கடைசிவரை பொங்க வேண்டும், ஏனென்றால் உண்டாகும் கால்சியம் குளோரைடு கரைந்துவிடும். சட்டென்று அடங்கி, கிளிஞ்சல் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் பாட்டிலில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் இல்லை. யாரோ நீர்த்த கந்தக அமிலத்தை மாற்றி ஊற்றியிருக்கிறார்கள். கால்சியம் சல்பேட் அவ்வளவாகக் கரையாது, கிளிஞ்சலைப் போர்த்திக்கொள்ளும். லேபிள் கிழிந்த இரண்டு பாட்டில்களைப் பிரித்தறிய நான் வைத்திருந்த முதல் சோதனை இந்தக் கிளிஞ்சல்தான்.

மேசையைக் கவனியுங்கள். நம் ஆய்வகங்களில் மேசைக்குக் கடப்பாக்கல் போட்டிருப்பார்கள். கறுப்பாக இருந்தாலும் அதுவும் சுண்ணாம்புக் கல் வகைதான். அமிலம் சிந்தினால் மெல்லச் சீறும், அப்புறம் எத்தனை தேய்த்தாலும் போகாத வெளிறிய புள்ளி நிற்கும்.

மூக்கில் பிளீச்சிங் பவுடர் வாடை, பச்சை கலந்த மஞ்சள் வாயு

நிறுத்துங்கள். எல்லோரும் வெளியே. அது குளோரின். மாங்கனீசு டைஆக்சைடோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ ஒட்டிய, கழுவாத குடுவையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் இதுதான் வரும். இரண்டையும் பிரித்தறிய ஈர லிட்மஸ் போதும்: ஹைட்ரஜன் குளோரைடு சிவக்க வைத்து அதோடு விட்டுவிடும், குளோரின் சிவக்க வைத்து வெளுத்தும்விடும். ஆனால் வாடை வந்தபின் தாள் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். இதை வீட்டிலும் சொல்லிவையுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேரக் கூடாது. ஆசிட் கண்ணில், தோலில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

அமிலம் மஞ்சளாக இருக்கிறது. அலமாரி முழுக்க வெள்ளைப் பொடி

மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்பு. மலிவான வணிகத் தர அமிலத்தில் ஃபெரிக் குளோரைடு கலந்திருக்கும். கார்பனேட் சோதனைக்கு ஓடும், இரும்பு கண்டறியும் சோதனைக்கு ஆகாது. குடிகாடு பக்கம் சிப்காட் சாலையில் 1789 என்று எண் எழுதிய டேங்கர் லாரி போனால் அதற்குள் இருப்பது இதே அமிலம்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கான ஐ.நா. எண் அது. பிள்ளைகளைப் பஸ் ஜன்னலில் எண்ணிக்கொண்டு வரச் சொல்வேன்.

வெள்ளைப் பொடிக்குக் காரணம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் ஒரே தட்டில் நிற்பது. இரண்டு மூடியும் கொஞ்சம் கொஞ்சம் கசிந்து, நடுவில் சந்தித்து, பாட்டில், லேபிள், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றிலும் அம்மோனியம் குளோரைடாகப் படியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பாட்டில்களை இரண்டு அலமாரிக்குப் பிரிக்காவிட்டால் அடுத்த மாதம் மறுபடி துடைக்க வேண்டியிருக்கும். தராசை மட்டும் அந்த இரண்டு அலமாரியிலும் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் ஏற்கெனவே பாதி துருவேறிய தராசு அது. அமிலப் புகையும் சேர்ந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.